ரப்பரை அளப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃகையும் அலுமினியத்தையும் சோதித்துப் பழகியவர்களுக்கு ரப்பர் முதல் நாளே எரிச்சலூட்டும். காலையில் ஒரு எண், மாலையில் வேறு எண். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் இரண்டு விதமாகப் பேசும். உடனே கருவியைச் சந்தேகிப்பார்கள். கருவி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சோதனைக்கூடத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே தருகிறேன். ரப்பர் என்று சொல்வது இயற்கை ரப்பரை மட்டுமல்ல. நைட்ரைல், சிலிக்கோன், பாலியூரித்தேன் எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

ரப்பரின் யங் குணகம் எவ்வளவு?

யங் குணகம் என்பது ஒரு பொருள் இழுப்பை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. எஃகைப் பற்றி இதைக் கேட்டால் சுமார் 200 கிகாபாஸ்கல் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ரப்பர் என்றால் பதிலுக்கு முன்னால் நான்கு எதிர்க்கேள்விகள் வரும். எந்த வெப்பநிலையில்? எவ்வளவு வேகத்தில்? எத்தனை சதவீதம் இழுத்து? அதற்கு முன் அந்தத் துண்டை யாராவது இழுத்திருக்கிறார்களா?

இந்த நான்கில் எது மாறினாலும் விடை மாறும். சாதாரண ரப்பரை அறை வெப்பநிலையில் மெதுவாகவும் கொஞ்சமாகவும் இழுத்தால் 1 முதல் 10 மெகாபாஸ்கலுக்குள் ஏதோ ஓர் எண் கிடைக்கும். இயற்கை ரப்பரை மைனஸ் 70 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிரவைத்தால் கண்ணாடிபோல் விறைத்துவிடும். சுத்தியலால் தட்டினால் சில்லுசில்லாக உடையும். அப்போது குணகம் கிகாபாஸ்கலில் இருக்கும், அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. பொருள் அதேதான், மூலக்கூறும் அதேதான். நிபந்தனை குறிப்பிடாத ரப்பர் எண் என்னைப் பொறுத்தவரை தேதி போடாத காசோலை.

பாகுமீட்சி என்கிறார்களே, அது என்ன?

பாகுத்தன்மையும் மீட்சித்தன்மையும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பது. சுருள்வில்லை இழுத்துவிட்டால் கொடுத்த ஆற்றலை அப்படியே திருப்பித் தரும். தேனைக் கரண்டியால் கிளறினால் கொடுத்த ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். ரப்பர் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது, மீதியை விழுங்கிவிடுகிறது. எவ்வளவு விழுங்கும் என்பது நாம் எவ்வளவு அவசரப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது.

சிறுவர்கள் விளையாடும் சிலிக்கோன் களிமண்ணில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உருட்டித் தரையில் எறிந்தால் பந்தாகத் துள்ளும். அதே உருண்டையை இரவு மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் காலையில் தோசை மாவுபோல் பரவிக் கிடக்கும். கணநேர அடிக்கு மீட்சிப்பொருள், இரவு முழுவதும் தொடரும் புவியீர்ப்புக்குத் திரவம். கந்தகம் போன்றவற்றால் பதப்படுத்திய ரப்பரில் சங்கிலி மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப்பிணைப்புகள் இருப்பதால் அது இப்படி ஓடிவிடாது. ஆனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகர நேரம் வேண்டும். அந்த நேரம்தான் எல்லா அளவீட்டிலும் ஒளிந்திருக்கிறது.

சூடாக்கினால் ரப்பர் இளகும்தானே?

கண்ணாடி நிலையிலிருந்து ரப்பர் நிலைக்கு மாறும் பகுதியில், ஆம், திடீரென்று இளகும். அதைத் தாண்டிய பிறகு கதை தலைகீழ். ரப்பர் பட்டை ஒன்றில் எடையைத் தொங்கவிட்டுச் சூடுகாட்டினால் எடை கீழே இறங்காது, மேலே ஏறும்.

1805இல் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பார்வை கிடையாது. ரப்பரை உதட்டில் வைத்துச் சட்டென்று இழுத்து அது சூடாவதை உணர்ந்தார். நீங்களும் செய்து பார்க்கலாம்: அகலமான ரப்பர் பட்டையை உதட்டில் ஒற்றி வேகமாக இழுங்கள், இளஞ்சூடு தெரியும், இழுத்தபடியே சற்றுப் பிடித்திருந்து, பிறகு தளர்த்தினால் குளிரும். பின்னாளில் ஜூல் இதை அளந்து உறுதிசெய்தார்.

காரணம் இதுதான். உலோகத்தை இழுக்கும்போது அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகளை நீட்டுகிறோம். ரப்பரை இழுக்கும்போது சுருண்டு கிடக்கும் சங்கிலிகளை நேராக்குகிறோம், அவ்வளவே. வெப்ப அசைவு அவற்றை மறுபடி சுருட்டப் பார்க்கிறது. அந்த முயற்சிதான் நம் கைக்கு விசையாகத் தெரிகிறது. ஆகவே இலட்சிய ரப்பரில் விறைப்புக் குணகம் (சறுக்கு விசைக்குக் காட்டும் எதிர்ப்பு) தனி வெப்பநிலைக்கு, அதாவது கெல்வின் அளவுக்கு, நேர் விகிதத்தில் ஏறும்: 23 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்கு கூடும். கார்பன் பிளாக் என்ற கரித்தூளை நிறையக் கலந்த கலவைகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே கரித்துகள்களின் பின்னல் சூட்டில் தளர்வதால் மொத்தத்தில் குணகம் இறங்குவதே வழக்கம்.

இழுவிசைச் சோதனை அறிக்கையில் வரும் "மாடுலஸ் 300" குணகம்தானா?

இல்லை. இந்தத் துறையின் மிகப் பழைய பெயர்க்குழப்பம் இதுதான். துண்டு 300 சதவீதம் நீண்ட கணத்தில் அதில் இருந்த தகைவு (விசையைப் பரப்பால் வகுத்தது) எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்கிறது. வளைகோட்டின் சாய்வுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஐ.எஸ்.ஓ. 37, ஏ.எஸ்.டி.எம். டி 412 ஆகிய தரங்களின்படி, டம்பெல் வடிவில் வெட்டிய துண்டை நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் அறும்வரை இழுப்பார்கள். நடுப்பகுதி 6 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் என்றால் குறுக்குப்பரப்பு 12 சதுர மி.மீ. 300 சதவீதத்தில் விசை 120 நியூட்டன் என்றால் மாடுலஸ் 300 என்பது 10 மெகாபாஸ்கல். ஆனால் அந்தக் கணத்தில் துண்டு நான்கு மடங்கு நீளமாகியிருக்கிறது. பருமன் மாறாததால் பரப்பு கால் பங்காகச் சுருங்கியிருக்கும். உள்ளே இருக்கும் உண்மைத் தகைவு 40 மெகாபாஸ்கல். அறிக்கையில் அச்சாவது எப்போதும் தொடக்கப் பரப்பை வைத்துக் கணக்கிட்ட எண்தான்.

நேர்கோட்டுச் சூத்திரமும் இங்கே உதவாது. எளிய ரப்பர் கோட்பாட்டில், நீளம் எத்தனை மடங்கானதோ அந்த எண்ணிலிருந்து அதன் வர்க்கத்தின் தலைகீழியைக் கழித்து, விறைப்புக் குணகத்தால் பெருக்கினால் தகைவு வரும். இரண்டு மடங்கு நீண்டால் 2 கழித்தல் கால், அதாவது 1.75 மடங்கு. ரப்பரில் யங் குணகம் விறைப்புக் குணகத்தைப்போல் மூன்று மடங்கு என்பதால், ஹூக் விதியோ 3 மடங்கு என்று சொல்லும். நூறு சதவீதத்திலேயே இவ்வளவு பிழை.

நீட்சியை ஏன் பிடிப்பான்களின் நகர்வை வைத்துக் கணக்கிடக் கூடாது?

டம்பெல்லின் அகன்ற தலைப்பகுதிகளும் நீளும், பிடிப்பானுக்குள்ளிருந்து ரப்பர் வழுவியும் வரும். இழுக்க இழுக்க ரப்பர் மெலிவதால், திருகி இறுக்கிய பிடி தானாகவே தளரும். அதனால்தான் இழுவிசை கூடும்போது தானே இறுகும் பிடிப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள். நடுவில் 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு இடையிலான தூரத்தைப் பின்தொடர்வதுதான் சரியான முறை.

அறுந்த இடத்தையும் பாருங்கள். ஐந்து துண்டில் நான்கு ஒரே பக்கத்தில், ஒரே உயரத்தில் அறுந்தால் குற்றம் ரப்பருடையது அல்ல. வெட்டும் அச்சின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சிதைவு இருக்கிறது. விரல் நகத்தை விளிம்பின்மேல் ஓடவிட்டால் தட்டுப்படும்.

முதல் இழுப்பும் இரண்டாவது இழுப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை?

மல்லின்ஸ் விளைவு. கார்பன் பிளாக் அல்லது சிலிக்கா கலந்த ரப்பரை முதல்முறை 100 சதவீதம் இழுத்துவிட்டு, மறுபடி இழுத்தால் அதே நீட்சிக்குக் குறைந்த விசையே போதும். 100 சதவீதத்தைத் தாண்டியதும் வளைகோடு பழைய முதல் பாதையோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தான் இதுவரை எவ்வளவு இழுபட்டிருக்கிறோம் என்பதை ரப்பர் நினைவில் வைத்திருப்பதுபோல் தோன்றும். லெனார்ட் மல்லின்ஸ் 1940களில் இதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

வழக்கமான தீர்வு, அளப்பதற்கு முன் மூன்று முதல் ஐந்து முறை இழுத்துத் தளர்த்திப் பழக்குவது. எவ்வளவு தூரம் பழக்குவது? பொருள் பயன்பாட்டில் சந்திக்கப்போகும் உச்சத் திரிபுவரை (நீட்சி அல்லது அமுக்கத்தின் சதவீதம்). அதிர்வுதாங்கி 20 சதவீதம்தான் அமுங்கும் என்றால் 200 சதவீதம் இழுத்துப் பழக்கிய துண்டின் எண் வடிவமைப்பாளரை ஏமாற்றிவிடும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை மட்டும் நீளும் பொருளுக்குப் பழக்கவே கூடாது.

ஷோர் கடினத்தன்மை எதை அளக்கிறது?

ஒரு சிறு ஊசி, ஒரு சுருள்வில், ஒரு முள். ஷோர் ஏ அளவுகோலில் நுனி மழுங்கிய கூம்பு வடிவ ஊசி 2.5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை ரப்பரின்மேல் வைத்து அழுத்தும்போது ஊசி முழுதும் உள்ளே புதைந்தால் 0, துளியும் புதையாவிட்டால் 100. 0இல் வில்லின் விசை 0.55 நியூட்டன், 100இல் 8.05 நியூட்டன். ஆக, அளவுகோலின் ஒவ்வொரு புள்ளியிலும் ரப்பரின்மேல் இருக்கும் விசை வேறு, ஆழம் வேறு. இதை இயற்பியல் பண்பு என்று சொல்ல எனக்கு நாக்கு கூசும். ஆனால் சட்டைப்பையில் அடங்கும் கருவி, நொடியில் விடை, துண்டும் பாழாவதில்லை. அதனால்தான் தொழிற்சாலையில் எல்லோர் கையிலும் இருக்கிறது.

தவறுகள் நான்கு இடங்களில் நுழையும். துண்டு குறைந்தது 6 மி.மீ. தடிமன் வேண்டும், மெல்லிய தகட்டில் அடியில் இருக்கும் மேசையின் கடினத்தையும் சேர்த்து அளந்துவிடுவோம். விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். கருவியைக் கையால் ஓங்கி அழுத்தாமல் தாங்கியில் பொருத்தி எடை வைத்து இறக்குவது நல்லது. நான்காவது, எத்தனையாவது நொடியில் முள்ளைப் படித்தோம் என்பது.

இந்த நான்காவதில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஒருமுறை பொருள் தந்தவர்களின் அறிக்கையில் 70, எங்கள் அறிக்கையில் 64. இரண்டு வாரம் கடிதப் போர். கடைசியில் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே துண்டை அழுத்தினோம். முள் 70ஐத் தொட்டது. யாரும் கையை எடுக்கவில்லை. 68, 67, மெல்ல 65. பதினைந்தாவது நொடியில் 64இல் நின்றதுபோல் இருந்தது. அவர்கள் தொட்டவுடன் படித்திருந்தார்கள், நாங்கள் 15 நொடி கழித்துப் படித்திருந்தோம். இருவரும் சரி. அந்த 6 புள்ளி வித்தியாசம் தவறே அல்ல. ரப்பரின் தளர்வைத்தான் நாங்கள் தெரியாமல் அளந்திருந்தோம். அதன்பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் நொடியை எழுதாத கடினத்தன்மை அறிக்கையில் நான் கையெழுத்திட்டதில்லை.

ஷோர் எண்ணைக் குணகமாக மாற்ற முடியுமா?

தோராயமாக முடியும். ஏ. என். ஜென்ட் 1958இல் தந்த சூத்திரத்தின்படி ஷோர் ஏ 50 என்பது சுமார் 2.5 மெகாபாஸ்கல், 60 என்பது 3.6, 70 என்பது 5.5. கடினத்தன்மையில் 2 புள்ளி தவறினாலே 60க்கு அருகே குணகம் 8 சதவீதம் நகர்ந்துவிடும். முதல் வரைபடத்துக்குப் போதும். அதை வைத்து இறுதி முடிவு எடுக்காதீர்கள்.

ஒரே ரப்பர், தடிமனாக இருந்தால் மெத்தென்றும் மெல்லியதாக இருந்தால் கல்லாகவும் இருப்பது ஏன்?

ரப்பர் அமுங்குவதில்லை, பிதுங்குகிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் அமுக்கச் சோதனையில் பாதிச் சிக்கல் தீரும்.

ரப்பரின் விறைப்புக் குணகம் ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல். பருமக் குணகமோ (எல்லாப் பக்கமும் அழுத்தும்போது பருமன் குறைவதற்குக் காட்டும் எதிர்ப்பு) 2 கிகாபாஸ்கல் அளவில், அதாவது தண்ணீருக்குச் சமம். பருமன் குறையாது என்பதால் மேலிருந்து அழுத்தும்போது பக்கவாட்டில் வெளியேற வழி தேடும். மேலும் கீழும் உலோகத் தட்டுகளோடு ஒட்டியிருந்தால் அந்த முகங்கள் விரிய முடியாது. திறந்திருக்கும் சுற்றுப்புறம் மட்டும் வயிறு தள்ளும். எவ்வளவு பரப்பில் சுமை, எவ்வளவு பரப்பு திறந்திருக்கிறது என்ற விகிதத்துக்கு வடிவக் காரணி என்று பெயர். வட்டத் துண்டுக்கு அது விட்டத்தைத் தடிமனின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது.

50 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. தடிமனும் உள்ள துண்டுக்கு வடிவக் காரணி 0.5. அதே விட்டத்தில் 5 மி.மீ. தடிமன் என்றால் 2.5. ஜென்ட்டும் லிண்ட்லியும் 1959இல் காட்டிய எளிய விதி: தோற்றக் குணகம் என்பது யங் குணகத்தை, வடிவக் காரணியின் வர்க்கத்தை இரட்டித்து 1ஐக் கூட்டியதால் பெருக்குவது. முதல் துண்டுக்கு 1.5 மடங்கு, இரண்டாவதுக்கு 13.5 மடங்கு. ரப்பர் ஒன்றுதான், விடை ஒன்பது மடங்கு வேறு. பாலங்களைத் தாங்கும் ரப்பர் மெத்தைகளில் இடையிடையே எஃகுத் தகடுகளைச் செருகுவது இதனால்தான். செங்குத்தில் கல்லாகவும் பக்கவாட்டில் இளக்கமாகவும் இருக்கும்.

சோதனையில் முகங்களை ஒட்டவில்லை என்றால் நன்றாக எண்ணெய் தடவிவிடுங்கள். பாதி ஒட்டி, பாதி வழுக்கும் நிலைதான் மோசம். ஒவ்வொரு முறையும் வேறு விடை வரும்.

அமுக்க எச்சம் என்றால் என்ன? குறைவாக இருந்தால் நல்லதா?

ஓ-ரிங், கேஸ்கட் போன்ற கசிவைத் தடுக்கும் ரப்பர் பாகங்களுக்கான சோதனை. துண்டைக் கால் பங்கு அமுக்கி, தகடுகளுக்கிடையே பூட்டி, அடுப்பில் குறிப்பிட்ட நேரம் வைத்து, விடுவித்து, அரை மணி நேரம் கழித்து எவ்வளவு மீளவில்லை என்று பார்க்கிறோம். தொடக்கத் தடிமன் 12.5 மி.மீ., அமுக்கி வைத்தது 9.4, மீண்டது 11.9 என்று வைத்துக்கொள்வோம். மீளாதது 0.6, அமுக்கியது 3.1, எச்சம் 19 சதவீதம். தொடக்கத் தடிமனால் வகுத்து 5 சதவீதம்தான் என்று பெருமைப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

விடுவித்த துண்டை மரப்பலகைமேல் வைப்பது சடங்கு அல்ல. உலோக மேசையில் வைத்தால் ஒரு முகம் சட்டென்று குளிர்ந்து, மீள்வது அங்கேயே உறைந்துவிடும்.

குறைவான எச்சம் நல்லதுதான், ஆனால் எந்த வெப்பநிலையில் அளந்தது என்று பாருங்கள். 100 டிகிரியில் அருமையாக மீளும் ரப்பர், குளிரில் சோம்பிவிடலாம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட காலையில் ஏவுதளத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. திட எரிபொருள் உந்துகலத்தின் மூட்டிலிருந்த ஓ-ரிங்குகள், மூட்டு திறக்கும் வேகத்துக்கு ஈடுகொடுத்து மீளவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கிடுக்கியில் இறுக்கிப் பனிநீரில் முக்கி, எடுத்துத் தளர்த்திக் காட்டினார். சில நொடிகளுக்கு அது அசையவே இல்லை. அடிப்படையில் அது ஒரு குறைவெப்ப அமுக்க மீட்புச் சோதனைதான். கருவிச் செலவு ஒரு குவளை, ஒரு கிடுக்கி.

தகைவுத் தளர்வும் ஊர்வும் ஒன்றா?

ஒரே குணத்தின் இரண்டு முகங்கள். நீட்சியைப் பூட்டிவிட்டு விசை குறைவதைப் பார்த்தால் தளர்வு. சுமையைத் தொங்கவிட்டு நீட்சி கூடுவதைப் பார்த்தால் ஊர்வு.

இரண்டையும் 1, 10, 100, 1000 நிமிடம் என்று மடக்கை அளவில் வரையுங்கள், ஏறத்தாழ நேர்கோடு வரும். ஒவ்வொரு பத்துமடங்கு நேரத்துக்கும் 3 சதவீதம் குறைவதாக வைத்துக்கொண்டால், 1 நிமிடத்திலிருந்து 10 ஆண்டுவரை ஆறே முக்கால் பத்துமடங்குகள். மொத்த இழப்பு சுமார் 20 சதவீதம். நிம்மதியாக இருக்கிறதா? சூட்டில் ஆக்சிஜன் சங்கிலிகளை வெட்டத் தொடங்கினால் கோடு வளைந்து கீழே பாயும். அது வேறு இழப்பு, மேற்கணக்கில் அடங்காது.

டி.எம்.ஏ. கருவி என்ன செய்கிறது? டான் டெல்டா எதற்கு?

டி.எம்.ஏ. என்பது இயக்கப் பொறிமுறைப் பகுப்பாய்வின் ஆங்கிலச் சுருக்கம். கருவி துண்டைச் சிறிய வீச்சில், சைன் அலையாக, முன்னும் பின்னும் அசைக்கிறது. திரிபும் தகைவும் அலைகளாக வரும். பொருள் முழு மீட்சியுடையது என்றால் இரண்டு அலைகளும் ஒன்றாக ஏறி இறங்கும். வெறும் திரவம் என்றால் 90 டிகிரி விலகி நிற்கும். ரப்பர் நடுவில், அந்தக் கோண இடைவெளிதான் டெல்டா.

ஒத்துப்போகும் பகுதியிலிருந்து சேமிப்புக் குணகம், விலகிய பகுதியிலிருந்து இழப்புக் குணகம். பின்னதை முன்னதால் வகுத்தால் டான் டெல்டா. சேமிப்பு 5 மெகாபாஸ்கல், இழப்பு 0.5 என்றால் டான் டெல்டா 0.1, கோணம் 5.7 டிகிரி. பார்க்கச் சின்ன எண். ஆனால் ஒரு சுற்றில் உச்சமாகச் சேமித்த ஆற்றலில் 63 சதவீதம் அளவுக்கு வெப்பமாகப் போகிறது என்று அர்த்தம், ஏனெனில் டான் டெல்டாவை 6.28ஆல் பெருக்க வேண்டும். கனரக வாகனத்தின் டயர் ஓட ஓடக் கொதிப்பது இதனால்தான்.

டயர்காரர்கள் ஒரே வளைகோட்டில் இரண்டு இடங்களைப் பார்ப்பார்கள். 60 டிகிரியில் டான் டெல்டா குறைவாக இருந்தால் உருளும்போது ஆற்றல் மிச்சம், எரிபொருள் மிச்சம். 0 டிகிரிக்கு அருகே அதிகமாக இருந்தால் ஈரச்சாலையில் பிடிப்பு நன்றாக இருக்கும். ஈரச்சாலை என்ன உறைபனியிலா இருக்கிறது என்று கேட்பார்கள். இல்லை. வழுக்கும் டயர் சாலையின் நுண்மேடுகளை நொடிக்குப் பல்லாயிரம் முறைக்கு மேல் சந்திக்கிறது. கருவியால் அவ்வளவு வேகமாக அசைக்க முடியாது. அதற்குப் பதிலாகக் குளிரவைத்து மெதுவாக அசைக்கிறோம்.

வேகத்துக்குப் பதில் குளிரா? அது எப்படிச் சரியாகும்?

சங்கிலிகள் நகர நேரம் வேண்டும் என்றேன். அந்த நேரத்தை வெப்பநிலை நிர்ணயிக்கிறது. குளிரில் எல்லா அசைவும் ஒரே விகிதத்தில் மந்தமாகும். ஆகவே குளிர்ந்த ரப்பரை மெதுவாக அசைப்பதும் சூடான ரப்பரை வேகமாக அசைப்பதும் அதற்கு ஒன்றே.

வில்லியம்ஸ், லேண்டெல், ஃபெர்ரி மூவரும் 1955இல் இதற்குத் தந்த சமன்பாட்டில் 17.44, 51.6 என்ற இரண்டு எண்கள் பல பாலிமர்களுக்கும் தோராயமாகப் பொருந்தும். கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேல் 10 டிகிரி ஏறினால் அசைவு ஏறத்தாழ 700 மடங்கு வேகமாகும். அதற்கு 80 டிகிரி மேலே நின்றுகொண்டு இன்னொரு 10 டிகிரி ஏறினால் மூன்று மடங்கு மட்டும். அதனால் நிலைமாற்றத்துக்கு அருகே சோதிக்கும்போது அறையின் 2 டிகிரி ஊசலாட்டமும் விடையைக் கவிழ்த்துவிடும்.

பல வெப்பநிலைகளில் எடுத்த குட்டி வளைகோடுகளைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒட்டினால் ஒரு பெருவளைகோடு கிடைக்கும். அழகாக ஒட்டிவிட்டதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ரப்பர் படிகமாகத் தொடங்கினாலும், சூட்டில் குறுக்குப்பிணைப்பு கூடினாலும், கரித்துகள் பின்னல் தலையிட்டாலும் இந்த முறை பொய் சொல்லும். டான் டெல்டா வளைகோடுகளும் அதே நகர்வில் ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம்.

இரண்டு கூடங்களின் டி.எம்.ஏ. எண்கள் பொருந்தவில்லை. யார் தவறு?

முதலில் இருவரின் திரிபு வீச்சையும் கேளுங்கள். கார்பன் பிளாக் நிறைந்த ரப்பரில் வீச்சை 0.1 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு உயர்த்தினால் சேமிப்புக் குணகம் பாதிக்கும் கீழே இறங்குவது சகஜம். 1960களில் இதை ஆராய்ந்த பெய்னின் பெயரால் பெய்ன் விளைவு என்கிறோம். துகள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பின்னிய வலை, அசைவு கூடும்போது அறுகிறது. ஓய்வு கொடுத்தால் பெரும்பகுதி மறுபடி பின்னிக்கொள்ளும். அடுத்துக் கேட்க வேண்டியது, அசைப்பதற்கு முன் துண்டை எவ்வளவு இழுத்து அல்லது அமுக்கி வைத்தார்கள் என்பது.

டி.எம்.ஏ. வாங்க வசதியில்லை. வேறு வழி?

பந்தோ ஊசலோ போதும். 100 செ.மீ. உயரத்திலிருந்து எஃகுக் குண்டைத் தடிமனான ரப்பர்மேல் விட்டு, 73 செ.மீ. எழும்பினால் டான் டெல்டா சுமார் 0.1. எழும்பிய விகிதத்தின் இயல் மடக்கையை, குறியை நீக்கி, 3.14ஆல் வகுக்க வேண்டும். மோதும் நேரம் சில மில்லிநொடிகள்; ஆக, கிடைப்பது உயர் அதிர்வெண் விடை.

கணினி உருவகப்படுத்தலுக்கு இழுவிசை வளைகோடு ஒன்று போதாதா?

போதாது. மூனி 1940இலும் ரிவ்லின் 1948இலும் தொடங்கிவைத்த சூத்திரங்களும் அவற்றின் வாரிசுகளும் ஓர் இழுவிசை வளைகோட்டோடு மயிரிழை பிசகாமல் பொருந்தும். அதே மாறிலிகளை வைத்து ஒரு ஜவ்வு எல்லாத் திசையிலும் விரிவதைக் கணக்கிட்டால் விடை எங்கோ போய்விடும். ஒருதிசை இழுப்பு, அகலமான பட்டையை உயரவாக்கில் இழுக்கும் சறுக்கு நிலை, இருதிசைச் சம விரிவு என்று மூன்றும் வேண்டும். ட்ரெலோர் 1944இல் ஒரே ரப்பரில் இந்த மூன்றையும் அளந்தார்; புதுச் சூத்திரம் எழுதுகிறவர்கள் இன்றும் அந்த அளவீடுகளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, பாய்சன் விகிதம் (இழுத்தால் நீள்வதோடு ஒப்பிட, பக்கவாட்டில் எவ்வளவு சுருங்குகிறது என்பது). 0.49 என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். விறைப்புக் குணகம் 1 மெகாபாஸ்கல் என்றால் 0.49 தரும் பருமக் குணகம் வெறும் 50 மெகாபாஸ்கல், உண்மையானது 2000. திறந்தவெளியில் இழுக்கும் பட்டைக்கு இந்தப் பிழை தெரியாது. பள்ளத்தில் அடைபட்ட ஓ-ரிங்குக்கு நாற்பது மடங்கு பிழை.

துண்டுகளைத் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியவை?

பதப்படுத்திய பிறகு குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். 23 டிகிரி அறையில் வைத்து ஆற விடுங்கள். உருளைகளுக்கிடையே தகடாக்கிய ரப்பருக்கு இழையோட்டம் உண்டு. எந்தத் திசையில் வெட்டினோம் என்று துண்டிலேயே குறியுங்கள். தடிமனை அளக்கும் கருவி ரப்பரைத் தானே அமுக்கிவிடும். குறிப்பிட்ட மெல்லிய அழுத்தம் தரும் கருவியை வைத்து அளக்க வேண்டும், எஃகுக்கான மைக்ரோமீட்டரைத் திருகி அல்ல.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது. எதைச் செய்வது?

பொருள் எதற்காக என்று சொல்லுங்கள். கசிவைத் தடுக்கும் வளையம் என்றால் வேலைசெய்யும் வெப்பநிலையில் தகைவுத் தளர்வு. அமுக்க எச்சம் அதற்கு மலிவான மாற்று. அதிர்வுதாங்கி என்றால் வேலைசெய்யும் வீச்சிலும் அதிர்வெண்ணிலும் டி.எம்.ஏ. கல்லும் கம்பியும் கீறும் இடத்தில் வேலை என்றால் கிழிவுச் சோதனை. கால்சட்டைபோல் பிளந்த துண்டின் இரு கால்களையும் இழுத்து, விசையை இரட்டித்துத் தடிமனால் வகுத்தால் கிழிவு ஆற்றல் வந்துவிடும். நேற்று வந்த சரக்கும் இன்று வந்த சரக்கும் ஒன்றா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் ஷோர் கருவியை எடுங்கள். மூன்றாவது நொடியில் படியுங்கள், நாளைக்கும் மூன்றாவது நொடியிலேயே படியுங்கள்.